இது படத்துல வராது

திரையில் அவளுடைய கைகள் வந்தன.

கைகள் மட்டும். வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தன.

அவர்கள் வரிசை மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. எல்லாம் அவள் புருஷன் தணிகாசலத்தின் ஆட்கள். அண்ணன், அண்ணி, அண்ணன் பிள்ளைகள், அவர்கள் பெண்டாட்டிகள். வேன் வைத்துக் கூட்டி வந்திருந்தார்.

"வளையல் நான் வாங்கிக் குடுத்தது," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"கைக்கே இவ்ளோ பீத்தல். மூஞ்சி வந்தா எழுந்து ஆடுவீங்க போல," என்றாள் ஓரகத்தி கஸ்தூரி.

வரிசை சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வெளிநாடுகளுக்குப் போய்ப் படமெடுக்கும் ஸ்பெயின்காரர்களின் குறும்பட விழா. ஒரு படம் பெர்லினில் எடுத்தது. ஒன்று டோக்கியோவில். மூன்றாவது புதுச்சேரியில், அவள் வீட்டு அடுப்படியில்.

எடுத்தவள் நூரியா. இரண்டு வருஷமாக மாடியில் குடியிருக்கிறாள். தமிழ் பேசுவாள். இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

படம் தொடங்குவதற்கு முன்னால் நூரியா வந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். தணிகாசலம் விடவில்லை.

"இன்னைக்கு செவ்வாக்கிழமை நூரியாம்மா. பதினோரு வருஷமா செவ்வாக்கிழமைன்னா இவளுக்கு மதியம் வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது. கோயிலுக்குப் போய்ட்டு வந்து அப்புறம்தான் சோறு. பாரு, குங்குமம்."

தன் நெற்றியைக் காட்டினார். காலையில் அவள் வைத்துவிட்டது.

நூரியா சிரித்தாள். ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு முன்வரிசைக்குப் போய்விட்டாள்.

இப்போது திரையில் வாழைக்காய் முடிந்து கைகள் அரிவாள்மனையைக் கழுவின.

அவள் குரல் வந்தது.

"காலைலயா?"

அவளுக்குத் தன் குரல் என்றே முதலில் தெரியவில்லை.

"காலைல குழிப்பணியாரம் சாப்ட்டேன்."

தெரிந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை. நூரியா அவள் முந்தானையில் மைக்கைக் குத்திவிட்டாள். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்கவேண்டுமாம். எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பாளாம். காலைல என்ன சாப்ட்டீங்க?

"சும்மா சொல்லுங்க அக்கா. இது படத்துல வராது."

அன்றைக்கும் செவ்வாய்க்கிழமை.

பதினோரு வருஷமாக செவ்வாய்க்கிழமைகளில் அவளை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை.

"எங்க அக்கா வீட்ல," என்றது குரல். "முத்தியால்பேட்டைல. வீட்ல கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போவேன். விரதம்னு சொல்லிட்டா கேள்வியே கிடையாது பாரு. குங்குமத்தைக் கடைல வாங்கிடுவேன். வந்து அவரு நெத்தில நானே வெச்சு விடுவேன். பாவம்."

குரல் சிரித்தது.

கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. அவர்கள் வரிசைக்கு எழுத்து தேவைப்படவில்லை.

எழுத்தைப் படித்து முடித்தவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள். அரங்கம் முழுக்க. பிரியமான சிரிப்பு.

அவர்கள் வரிசை மட்டும் சிரிக்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அக்கா தன் மகளை வேறு சாதியில் கட்டிக்கொடுத்த அன்று தணிகாசலம் சொன்னது, இந்த வரிசையில் இருக்கிற எல்லோர் முன்னாலும்தான். அந்த வாசப்படிய மிதிச்சா இந்த வாசப்படி உனக்கு இல்ல.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணில் ஒரு கைக்குட்டை தெரிந்தது. விரித்தார். நான்காக மடித்தார். நெற்றியை ஒரு தடவை துடைத்தார்.

பிறகு இன்னொரு தடவை. அழுத்தி.

படம் முடிந்ததும் கைதட்டல் நெடுநேரம் நிற்கவில்லை.

விளக்கு போட்டதும் நூரியா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"படத்துல வராதுன்னு சொன்னியேம்மா," என்றாள் அவள், நூரியாவின் தோளுக்குள்.

"நான் வெட்டி எடுத்துடத்தான் பாத்தேன் அக்கா. அது இல்லன்னா படமே இல்ல. அவ்ளோ அழகா சொல்லியிருக்கீங்க."

அக்கா.

அவள் அந்தக் கைகளை மெதுவாக விலக்கினாள்.

வேன் முதலில் கிளம்பியது. கஸ்தூரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்காமல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

தணிகாசலம் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார். திருகவில்லை. நெற்றியில் குங்குமம் இல்லை. துடைத்த இடம் சிவந்திருந்தது.

வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்கு காலைல என்ன சாப்ட்ட?"

அவள் கை தானாக முந்தானைக்குப் போனது. அன்றைக்கு மைக் குத்தியிருந்த இடம். ஊசி போட்ட ஓட்டை இன்னும் இருந்தது.

வாசலில் யாரோ ஸ்பானிஷில் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"இடியாப்பம்," என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"தேங்காப் பால் ஊத்தி."