கிளீவ்லாந்து அத்தை

"யாரும் வாயத் திறக்காதீங்கடா. நான் பேசிக்கறேன்," என்றான் லயனல்.

1954. கனடாவிலிருந்து வந்த அந்தப் பழைய கார், பாலத்தின் அமெரிக்க முனையில் நின்றது. எல்லை அதிகாரி குனிந்து பார்த்தார்.

"நாலு பேரும் எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"கிளீவ்லாந்துக்கு சார். அத்தை செத்துட்டாங்க."

அதிகாரி டிக்கியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று ஒரே மாதிரி நாலு நீலக் கோட்டுகள்.

"சாவு வீட்டுக்கு இதையா போட்டுக்கப் போறீங்க?"

"அத்தைக்கு நீலம்னா உசுரு சார்," என்று உளறினான் வெர்ன். லயனல் அவன் காலை மிதித்தான்.

"இறங்குங்க. உள்ள வாங்க."

போன வாரம் இதே இடத்தில்தான் வேறொரு அதிகாரி அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. என்ன கடத்துறீங்க?"

அப்போது மேசைமேல் இருந்த ரேடியோவில் ஒரு பாட்டு தொடங்கியது. வெர்ன் வாயைப் பிளந்தான். அடுத்த நொடி, லயனல் உட்பட நால்வரும் தங்களை மறந்து கூடவே பாடினார்கள். அதிகாரி ரேடியோவைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். இரண்டிலும் அதே நாலு குரல்கள்!

"அடப்பாவிகளா, இது நீங்களா?"

"ஆமா சார். அங்க மேடையேறணும், வேலை பர்மிட் இல்ல, அதான் பொய் சொன்னோம்." லயனல் ரேடியோவைக் காட்டினான். "எங்க பாட்டை ரேடியோல இப்பதான் சார் மொதமொதலா கேக்குறோம்."

"பத்து நாளா எங்க வீட்டுக்குள்ளயே பாடிட்டு இருக்கீங்களேப்பா! என் பொண்ணு ரேடியோவை அணைக்கவே விடமாட்டேங்குறா."

அவர் போன் டயலைச் சுழற்றி மகளை அழைத்தார்.

"பர்மிட்டுக்கு நானே எழுதித் தர்றேன். மொதல்ல இவளுக்கு ஒரு தடவை பாடுங்க."

நால்வரும் ரிசீவரைச் சூழ்ந்து நின்று பாடினார்கள். திறந்த ஜன்னல் வழியே பாட்டு வெளியே மிதந்தது; வரிசையில் காத்திருந்த கார்களில் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.