முடியாத வாக்கியம்

அமைச்சரின் மைத்துனர் நடத்தும் தோல் தொழிற்சாலையில், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்ட நான்கு பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அவர்களில் ஒருவனின் மனைவி பச்சையம்மாள், சாட்சி சொல்ல ஐந்தாவது முறையாக நீதிமன்றத்துக்கு வந்திருந்தாள்.

அரசு வழக்கறிஞர் ஹேமலதா எழுந்து, "ஐயா, இவர்களை இறங்கச் சொன்னது முதலாளிதான் என்பதற்கு..." என்று தொடங்கினார். அதற்குள் அவர் மேசைத் திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன. அவருக்கு மாற்றல், அந்த நொடியிலிருந்தே அமல். ஒலிவாங்கி அணைந்தது.

அடுத்த நாற்காலியில் இருந்த இன்னொரு அரசு வழக்கறிஞர் ஜெயசீலன் எழுந்து அதே வாக்கியத்தைப் படித்தார். 'முதலாளி' என்றதும் அவருக்கும் மாற்றல் வந்தது. மூன்றாவது வழக்கறிஞர் கோப்பைப் பிரிக்கவே இல்லை. "அரசுத் தரப்பில் ஆதாரம் எதுவும் இல்லைங்க ஐயா" என்றார். அவர் திரை சும்மா இருந்தது.

பச்சையம்மாள் யாரும் கூப்பிடாமலே கூண்டில் ஏறினாள்.

"நான் சொல்றேன் சாமி. எங்க வூட்டுக்காரரு மாட்டேன்னுதான் சொன்னாரு. எறங்கலன்னா நாளையிலருந்து வேலைக்கு வராதேன்னு மொதலாளியே நின்னு மெரட்டுனாரு. சோறு எடுத்துக்கினு போன நான் கண்ணால பார்த்தேன். என்னை எங்க மாத்துவீங்க? மாத்துங்க பார்ப்போம்!"

மூன்றாவது வழக்கறிஞர் ஆட்சேபித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் சொன்னதைத் தன் கையாலேயே எழுதத் தொடங்கினார். நீதிபதியின் திரையிலும் சிவப்பு எழுத்துகள் வந்தன.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார், எழுதுவதை நிறுத்தாமல். அவள் சொல்லி முடித்ததும் தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கி, தானும் போட்டு, முத்திரை குத்திய பிறகுதான் இருக்கையை விட்டு எழுந்தார்.