நாலு மொட்டைக் கடிதாசி

முதல் கடிதம் 1998 ஜூன் மாதம் வந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி தெய்வசிகாமணி அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பதினொன்றாவது பிளாக்கில் செல்வநாதன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

செல்வநாதன் சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளி. அன்று முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். வீட்டில் மனைவி லிடியா மட்டும்தான்.

"உங்க மேல ஒரு மொட்டைக் கடிதாசிம்மா. படிக்கிறேன், கேட்டுக்கங்க" என்றார் தெய்வசிகாமணி.

'ஐயா, இந்த வீட்டில் பெண்களுக்கு நீச்சல் உடை தைக்கிறார்கள். வெளிநாட்டுத் துணி. நூறு தடவை நனைந்தாலும் சாயம் போவதில்லை. பருமனான உடம்பையும் ஒல்லியாகக் காட்டுகிறது. விலை ஆயிரத்து இருநூறு; இரண்டாக எடுத்தால் தள்ளுபடியும் உண்டு. இந்த அக்கிரமத்தைத் தட்டிக் கேட்க ஆளில்லையா? இப்படிக்கு, உண்மை விளம்பி.'

எழுதியிருந்தது அத்தனையும் நிஜம். வடலூர் ஜவுளிக்கடை சிங்காரவேல் துணி கொடுப்பார். அவள் டிசைன் போட்டுத் தைத்து, உள்பக்கம் தங்க நூலில் 'லிடியா' என்று லேபிள் வைத்துக் கொடுப்பாள். அவர் விற்பார். விற்பார் என்பது பேச்சுக்குத்தான். ஆறு மாதத்தில் எட்டு உருப்படி போயிருந்தால் அதிகம். வடலூரில் யார் நீச்சல் உடை வாங்குகிறார்கள்?

ஆனால் குவார்ட்டர்ஸில் வியாபாரம் கூடாது என்பது விதி. பிடிபட்டால் வீடு போகும். புருஷன் வேலைக்கும் ஆபத்து.

தெய்வசிகாமணி பீரோவைத் திறந்தார். பரணில் டார்ச் அடித்தார். அரிசி டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவினார். கட்டிலுக்கு அடியில் மட்டும் குனியவில்லை. பதினாறு நீச்சல் உடைகளும் அங்கேதான் இருந்தன.

"ஒண்ணும் கிடைக்கல" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். லிடியா அன்று முழுக்க ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தெய்வசிகாமணி கண்டிப்பான மனுஷர். புகாரை நகலெடுத்து, 'எச்சரிக்கைக்காக' என்று தலைப்பிட்டு எல்லாத் துறை அதிகாரிகளுக்கும் அனுப்பிவைத்தார். அதிகாரிகள் ஆபீசில் படித்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். வீட்டில் மனைவிமார் யாரும் சிரிக்கவில்லை. பருமனைப் பற்றிய வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார்கள். எங்கே கிடைக்கிறது என்று விசாரித்து, அந்த வாரமே கிளப் நீச்சல் குளத்துக்குப் போகும் பெண்கள் மூன்று காரில் வந்து சிங்காரவேல் கடையில் இறங்கினார்கள்.

இரண்டாவது கடிதம், 'இப்போது சிவப்பிலும் தைக்கிறார்களாம், வெட்கக்கேடு' என்றது. மூன்றாவது, 'புதுச்சேரி ஓட்டல்காரர்கள்கூட வாங்குகிறார்களாம்' என்று வருத்தப்பட்டது. உண்மையில் ஓட்டல்காரர்கள் அந்தப் பேச்சு பரவிய பிறகுதான் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சோதனை நடந்தது. ஒவ்வொரு தடவையும் நகல் பறந்தது.

இரண்டே வருடத்தில் 'லிடியா' சென்னையில் ஏ.சி. கடைகளின் கண்ணாடிக்குள் தொங்கியது. விலை நாலாயிரம். சிங்காரவேல் வடலூரில் பத்துத் தையல்காரிகளை வைத்துவிட்டார். புது டிசைன்கள் மட்டும் அதே கட்டிலுக்கு அடியிலிருந்து போயின.

செல்வநாதனுக்குத்தான் தூக்கம் போயிற்று.

"யாருடி அந்தப் படுபாவி? பக்கத்து வூட்டு அம்சவல்லியா இருக்குமோ? தண்ணிக் குழாய்ச் சண்டைய மனசுல வெச்சிக்கினு எழுதுறாளோ?"

"இருக்கும்ங்க. இப்பல்லாம் என்னப் பாத்தா சிரிக்கக்கூட மாட்டேங்குறா."

நாலாவது கடிதம் வந்தபோது தெய்வசிகாமணி சோதனை போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று செல்வநாதனும் வீட்டில் இருந்தார்.

"நேராவே கேக்குறேம்மா. ஒவ்வொரு கடிதாசிக்கும் உங்க யாவாரம்தான் ஏறுது. எழுதுறது நீங்கதானே?"

"நானா சார்? என் வூட்டுக்காரர் வேலைக்கு நானே உலை வெப்பனா?"

"அப்ப இந்தத் தாள்ல நாலு வரி எழுதுங்க. செல்வநாதன், நீங்களும் எழுதுங்க."

இருவரும் எழுதினார்கள். தெய்வசிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதத்தையும் தாள்களையும் பத்து நிமிடம் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ம்ஹூம். இது வெறும் கோழிக் கிறுக்கல். உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் இல்ல. ஃபைலை மூடிடறேன்."

லிடியா அழுதேவிட்டாள். "போதும் சார். இனிமே ஊசியத் தொடவே மாட்டேன். நாளைக்கே சிங்காரவேல் அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

தெய்வசிகாமணி பதறிப்போனார்.

"என்னம்மா நீங்க, எவனோ எழுதுனான்னு கைத்தொழில விடுவாங்களா? நான் இருக்குற வரைக்கும் உங்க குவார்ட்டர்ஸுக்கு ஒண்ணும் ஆவாது. தைரியமா இருங்க. நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல."

இப்படியும் ஓர் அதிகாரியா என்று செல்வநாதனுக்குக் கண் கலங்கியது. வாசல்வரை வந்து, கும்பிட்டு வழியனுப்பினார்.

தெய்வசிகாமணியின் ஸ்கூட்டர் ஆபீசுக்குப் போகவில்லை. வடலூருக்குப் போய், சிங்காரவேல் கடை வாசலில் நின்றது.

"வாங்க மாமா, அக்கா நல்லா இருக்காங்களா?" என்று சிங்காரவேல் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்ட, தெய்வசிகாமணி பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அடுத்து என்ன கலர் வருது?"