தூக்கிய கால்

"ஒரே நிமிஷந்தான் மாமா. கண்ணைச் சிமிட்டாம பாருங்க."

மதிவாணன் லேப்டாப்பை ஸ்டூலின் மேல் வைத்து, ராஜாங்கத்தின் பக்கம் திருப்பினான்.

"ஒரு நிமிஷத்துல என்னத்தடா பயமுறுத்திப்புடுவ? எங்க காலத்துல பேய்ப்படம்னா மூணு மணி நேரம் ஓடும். பேய் வர்றதுக்குள்ள ரெண்டு பொட்டலம் முறுக்கு காலியாயிடும்" என்று சிரித்தார் ராஜாங்கம்.

"இதுல பேயே கெடையாது மாமா."

"பேய் இல்லாத பேய்ப்படமா? நாகு, இங்க வந்து கேளு இவன் கதையை!"

நாகம்மாள் மோர் டம்ளருடன் வந்தாள். "பாவம், ஆசையா எடுத்துட்டு வந்திருக்கான். கிண்டல் பண்ணாம பாருங்க" என்று புருஷனை அதட்டிவிட்டு, தானும் தூணில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

மதிவாணன் தஞ்சாவூர்க் கல்லூரியில் சினிமா சம்பந்தமாகப் படிக்கிறான். ஒரு நிமிடத் திகில் படத்துக்குப் போட்டி. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். இப்போது மணி மூன்று. ஆனால் ராஜாங்கம் மாமா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அனுப்பமாட்டான். ஏனென்றால் அவன் படம் எடுத்திருப்பது, அப்பா துரைராசு விழுந்து கிடந்த அதே வரப்பில்.

இரண்டு வருடம் ஆகிறது. சம்பா கதிர் வாங்கியிருந்த நேரம். விடிகாலையில் தண்ணீர் பார்க்கப் போனவரை, பக்கத்து வயல்காரரான ராஜாங்கம்தான் தோளில் போட்டுத் தூக்கி வந்தார். வரும்போதே உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள். எதற்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம் என்று யாரோ பேச்செடுத்தபோது, "என் சிநேகிதன் உடம்புல கத்தி படக்கூடாது" என்று அழுதுகொண்டே குறுக்கே நின்றவரும் அவர்தான். அன்றிலிருந்து இரண்டு வயலுக்கும் அவரே தண்ணீர் வைக்கிறார். மதிவாணனைக் கல்லூரியில் சேர்த்த அன்று அப்பா இடத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அந்த மனசை நோகடித்து வாங்குகிற பரிசு அவனுக்கு வேண்டியதில்லை.

"போடு, பாப்பம்" என்றார்.

பயமுறுத்தக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைப் புடவையையும் விரித்த கூந்தலையும் நம்பி மோசம் போவார்கள். மதிவாணன் அந்த வம்புக்கே போகவில்லை. விடியாத வயல். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மனிதன் வரப்பில் நடக்கிறான். மடையில் தண்ணீர் விழுகிற சத்தம், தவளைச் சத்தம், அவ்வளவுதான். திடீரென்று தவளைகள் அத்தனையும் ஒன்றாக ஓய்ந்துவிடுகின்றன. அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியவன் குனிந்து கீழே பார்க்கிறான். தூக்கிய கால் அப்படியே நிற்கிறது. படம் இருண்டுவிடுகிறது.

கீழே என்ன இருந்தது? அதைக் காட்டவில்லை. அதில்தான் அவனுக்குப் பெருமை. "பாம்புதானே?" என்றாள் அம்மா, களை எடுக்கும்போது கடிபட்டு ஒரு மாதம் படுத்துக் கிடந்தவள். கிணறு என்றான் விடுதி நண்பன் ஒருவன். சின்ன வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்தவன். ஒன்றையும் வைக்காத இடத்தில் ஆளுக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு நடுங்கினார்கள்.

படம் முடிந்தது. ராஜாங்கம் சிரிக்கவில்லை. கையில் வாங்கிய மோர் அப்படியே இருந்தது.

"இன்னொரு தரம் போடு" என்றார்.

இரண்டாவது முறை பார்க்கும்போது அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. இவரிடம் போய் இதைக் காட்டியிருக்க வேண்டாமே என்று மதிவாணன் தன்னையே நொந்துகொண்டான்.

"அப்பா ஞாபகம் வந்துடுச்சா மாமா? உங்களுக்குக் கஷ்டமா இருந்தா அனுப்பல. இப்பவே அழிச்சிடறேன்."

"சேச்சே, எதுக்கு அழிக்கிற? நடக்கிறது யாரு?"

"அஸார்னு என்கூடப் படிக்கிற பையன். அப்பா நடக்கிற மாதிரி சொல்லிக் குடுத்தேன்."

"அப்படியே அவன் நடை." ராஜாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தாராளமா அனுப்பு மாப்ள. உங்கப்பன் இருந்திருந்தா ஊரெல்லாம் தூக்கிட்டுப் போய்க் காட்டியிருப்பான்."

மதிவாணனுக்குக் கண் கலங்கியது. உட்கார்ந்திருந்தவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம்டா, எழுந்திரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன், செய்வியா?"

"சொல்லுங்க மாமா."

"மத்ததெல்லாம் இருக்கட்டும். அந்தக் கம்பியை மட்டும் எடுத்துடு."

"எந்தக் கம்பி?"

"தெரியாத மாதிரி கேக்காத மாப்ள. எலிக்குக் கட்டுன கரண்டுக் கம்பி. அவன் கால் வைக்கப் போற எடத்துல மினுங்குதே." அவர் குரல் உடைந்தது. "விடியறதுக்குள்ள நிறுத்திடணும்னுதான் இருந்தேன். அன்னிக்குன்னு பாத்துக் கண்ணசந்துட்டேன்…"

"ஏங்க!" என்று அலறினாள் நாகம்மாள்.

மதிவாணன் படத்தைப் பின்னால் தள்ளி, கால் தூக்கிய இடத்தில் நிறுத்தினான். அங்கே பனியும் புல்லும்தான் இருந்தன. கம்பி எதையும் அவன் படம் எடுக்கவில்லை, அந்த வரப்பில் அப்படி ஒன்று ஓடியதென்று இந்த இரண்டு வருடத்தில் யாரும் அவனிடம் சொன்னதும் இல்லை.