இன்றைய தேதியில் யாருமில்லை

பட்டாசுக் கம்பெனி ஆபீசுக்குள்ளும் வெடித்த கரிமருந்தின் நெடி. வெளியே ஆம்புலன்ஸ் அலறுகிறது. சோலையம்மாள் மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருக்கிறாள். "எங்க வீட்டுக்காரரு முனியராஜ் இன்னைக்கு வேலைக்கு வந்தாகளான்னு பாருங்க தாயி." கிளார்க் சுகிர்தா கம்ப்யூட்டரில் வருகைப்பதிவைத் திறக்கிறாள். இன்றைய தேதியில் ஒரு பெயரும் இல்லை. "அப்ப அவுக உள்ள போகலைல்ல?" சோலையம்மாளின் முகம் தெளிகிறது. கரண்ட் போய் வந்தால், பேட்டரி செத்த அந்தக் கம்ப்யூட்டரின் உள்கடிகாரம் இரண்டாயிரம் ஜனவரி ஒன்றில் போய் நிற்கும். திரையில் தெரியும் தேதியைத் தினமும் சுகிர்தாதான் திருத்துகிறாள். இன்று அவள் திருத்துமுன் ஆட்களை ஏற்றிவந்த வேன் முந்திவிட்டது. எல்லோரையும் அந்தப் பழைய தேதியில் பதிந்த பிறகே திருத்தினாள். "சொல்லுங்க தாயி, போகலைல்ல?" சுகிர்தாவின் விரல் விசைப்பலகையில் அந்தப் பழைய தேதியைத் தட்டுகிறது. காலையில் முனியராஜ் என்று தட்டியதும் அந்த விரல்தான்.