பூட்டிய அலுமாரி

"பின்னறை அலுமாரியில சீனி பதுக்கியிருக்கெண்டு முறைப்பாடு வந்திருக்கு. திறவுங்கோ, அம்மா."

பாவனையாளர் அதிகாரசபை அதிகாரி ரஜிதன் இப்படிச் சொன்னதும் புதுக்குடியிருப்புக் கடைக்காரர் நாகேந்திரம் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மனைவி கமலாசனியோ திறப்புக்கொத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"இது என்ர சொந்த அலுமாரி, தம்பி. இவருக்கே திறந்து காட்டுறேல்லை."

"எதையும் திறந்து பாக்கச் சட்டத்தில எனக்கு அதிகாரம் இருக்கு. மறிச்சா கோட்டுக்கு வரவேண்டி வரும்."

"இஞ்சரும், சட்டத்தோட விளையாடாதையும், திறவும்!" என்று நாகேந்திரம் பதறினார்.

முணுமுணுத்தபடி அவள் திறந்தாள். சீனியைக் காணவில்லை. தட்டு நிறையத் தொதலும் எள்ளுருண்டையும் பயற்றம் பணியாரமும்தான் இருந்தன.

"இவருக்குச் சலரோகம், தம்பி, இனிப்பே ஆகாது. பூட்டி வைக்காட்டி மனுசன் ஒண்டையும் மிச்சம் விடாது" என்று கமலாசனி ரஜிதனிடம் பொரிந்து தள்ளினாள்.

ரஜிதனுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. இந்த முறைப்பாட்டைச் செய்தவன் மட்டும் கையில் கிடைக்கட்டும்! காலையில் போனெடுத்த அந்த ஆள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் போனை வைப்பதற்கு முன் விசித்திரமாக ஒன்று கேட்டிருந்தான்.

"திறந்த உடன பூட்ட விடமாட்டியள்தானே, சேர்?"

ரஜிதன் சட்டென்று அலுமாரிப் பக்கம் திரும்பினான். நாகேந்திரத்தின் இரண்டு கன்னங்களும் உப்பியிருந்தன.