திங்கள் மட்டும்

“ஒரே ஒரு மாத்திரைதான் கேட்டேன். கிட்னியையா கேட்டேன்?”

ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயில் கேண்டீனில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே வெரோனிக்கா பொரிந்து தள்ளினாள்.

எதிரே பாடகர் குழுத் தலைவன் மார்க். வாயில் முழு முட்டை. பதில் பேச முடியாத ஆள் கிடைத்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

“ரோசம்மாக்கா எதையும் இல்லன்னு சொல்ல மாட்டாங்களே அக்கா?” என்றான், ஒருவழியாக விழுங்கிவிட்டு.

“அதானே! சட்டி கேட்டா சட்டி. காடி கேட்டா கார் சாவி. மாத்திரை கேட்டா மட்டும்...” வெரோனிக்கா மூக்கைச் சுருக்கி, கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, ரோசம்மாவாகவே மாறினாள். “‘டாக்டர் எனக்குத்தான் எழுதினாரு வெரோ. ரத்தம் எடுத்து, ஈரல் பார்த்து, அப்புறம்தான் கொடுப்பாங்க. நீயும் போய்க் காட்டு.’ எங்க போய்க் காட்டுறது? அவங்ககிட்டயே சொன்னேன், காலையில நம்பர் எடுத்து உட்கார்ந்தா, சாயங்காலத்துக்குள்ள நானும் நாற்காலியும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஆயிடுவோம் லா!”

மார்க்குக்குப் புரையேறியது. ரோசம்மாவின் குரல் அப்படியே அச்சு.

வெரோனிக்காவின் ஆத்திரத்துக்குக் காரணம் அவளுடைய பத்து விரல்கள். பதினெட்டு வருடமாகப் பூசையில் கீபோர்டு வாசிப்பவள். மூன்று மாதமாக, விடிந்தால் விரல்கள் வீங்கி வாழைப்பழச் சீப்பு மாதிரி விறைத்துக்கொள்கின்றன. புக்கிட் மெர்தாஜாம் கோயில் திருவிழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அன்றைக்கு வாசிக்க முடியாவிட்டால் கீபோர்டு மார்க்கின் தங்கச்சிக்குப் போய்விடும்.

ரோசம்மாவுக்கு முடக்குவாதம். தனக்கும் அதேதான் என்று வெரோனிக்காவே தீர்ப்பு எழுதிவிட்டாள். போன வருடம் ரவிக்கைப் பொத்தான் போட ஆள் தேடிய ரோசம்மா, இப்போது கல்லில் மிளகாய்ச் சம்பல் இடிக்கிறாள். எல்லாம் அந்தக் குட்டி மஞ்சள் மாத்திரை செய்த புதுமை.

மறுநாளே வெரோனிக்கா ரோசம்மா வீட்டுக்குப் போனாள். “ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன் அக்கா” என்று உள்ளே நுழைந்தவள், சமையலறை அலமாரியை உருட்டியதில் ஒரு மைலோ டின் உருண்டு விழுந்தது.

“வெரோ, பாத்ரூம் அந்தப் பக்கம்,” என்று முன்னறையிலிருந்து ரோசம்மாவின் குரல் வந்தது.

அடுத்த ஞாயிறு, நற்கருணை வாங்க ரோசம்மா எழுந்து போனாள். கீபோர்டுக்குப் பக்கத்து பெஞ்சில் அவளுடைய கைப்பை. ஜிப் திறந்தே கிடந்தது. மேலாகவே ஒரு சின்னப் புட்டி. மூடியில் சிவப்பு மையில், ‘திங்கள் மட்டும்’.

ஆண்டவரே ஜிப்பைத் திறந்து வைத்தார் என்று வெரோனிக்கா எடுத்துக்கொண்டாள். இடது கை ஒரே கட்டையை அழுத்திப் பிடித்தது. வலது கை பைக்குள் போய் வந்தது. சபை முழுவதும் கண்ணை மூடி உருகியது.

“அந்த இழுவை பிரமாதம் அக்கா,” என்றான் மார்க், பிறகு.

வாரத்துக்கு ஒரு நாள் போட்டே ரோசம்மா இவ்வளவு தேறினால், தினமும் போட்டால்? ‘திங்கள் மட்டும்’ எல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு. மறுநாளிலிருந்து வெரோனிக்கா காலையில் பசியாறியதும் ஒன்று போட்டாள். மாத்திரை புளித்தது. இந்தப் புளிப்பு புளிக்கிறதென்றால் வீரியம் ஜாஸ்திதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு, கேண்டீனில் நேராகப் போய் ரோசம்மாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“கை எப்படி இருக்கு வெரோ?” ரோசம்மா கோப்பியை ஊதினாள்.

“நீங்க கொடுக்கலன்னா என்ன அக்கா? கொடுக்கறவர் மேல இருக்காரு.” மேசையில் விரல்களால் தாளம் போட்டுக் காட்டினாள். வலியில் உயிர் போனது. முகம் மட்டும் சிரித்தது.

“என் புட்டி ஒண்ணைக் காணோம். எங்க வீட்டுக்காரர் ஹென்றியாத்தான் இருக்கும். ஏற்கெனவே செஞ்சவருதானே.”

“என்ன செஞ்சாரு?”

“முட்டி வலின்னு என் மாத்திரையை எடுத்துத் தினமும் முழுங்கினாரு. வாரத்துல ஒரே நாள் போடவேண்டியது லா அது! வாயெல்லாம் புண்ணு. ரத்தத்துல வெள்ளை அணு இறங்கிப்போச்சு. இருபது நாள் வார்டு. கடைசி செபத்துக்குச் சாமியாரைக்கூட வரவழைச்சுட்டேன்.”

வெரோனிக்காவின் நாக்கு தானாகவே கன்னத்தின் உட்புறத்தைத் துழாவியது. ஓர் இடத்தில் எரிந்தது. இல்லை, இரண்டு இடத்தில்.

“அக்கா... ஏழு.”

“என்ன ஏழு?”

“ஏழு போட்டுட்டேன் அக்கா! நான்தான் எடுத்தேன், நற்கருணை நேரத்துல! போன கிறிஸ்மஸ்ல காணாமப்போன உங்க பீங்கான் தட்டும் என் வீட்லதான் இருக்கு! என்னைக் காப்பாத்துங்க!”

கேண்டீனே திரும்பிப் பார்த்தது. மார்க்கின் முட்டை இந்த முறை தரைக்குப் போனது.

வெரோனிக்கா தன் பையிலிருந்து புட்டியை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். மிச்சமிருந்த ஒரே ஒரு மாத்திரை உருண்டது. பின்னாலேயே, அடியில் சுருட்டிச் செருகியிருந்த ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது.

ரோசம்மா இன்னும் கோப்பியைத்தான் ஊதிக்கொண்டிருந்தாள். “படி,” என்றாள்.

சீட்டில் ரோசம்மாவின் கையெழுத்து:

‘வெரோ, பயப்படாதே, நீ தின்றது வைட்டமின் சி. பதினைந்தாம் தேதி செவ்வாய், காலை எட்டு மணிக்கு மூட்டு டாக்டரிடம் உன் பேரில் நம்பர் எடுத்தாச்சு. காடியை நான் ஓட்டுகிறேன், நாற்காலியோடு ஒட்டிக்கொண்டால் இரண்டு பேருமே ஒட்டிக்கொள்வோம். வரும்போது என் பீங்கான் தட்டை எடுத்து வா.’